குழந்தை பிறந்து ஒரு வருஷம் ஆச்சு... கடைசி 4 கிலோ மட்டும் ஏன் குறைய மாட்டேங்குது? முழு விளக்கம்

குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது. முதல் பிறந்தநாளும் முடிந்துவிட்டது. ஆனால் அம்மாவின் எடை மட்டும் பழைய இடத்துக்கு வரவில்லை. முதல் சில வாரங்களில் மளமளவென குறைந்த எடை, கடைசி 3, 4 கிலோவில் வந்து அப்படியே நின்றுவிடுகிறது.

சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்தாச்சு, காலையில் வெந்நீரும் குடிச்சுப் பார்த்தாச்சு, மெஷின் முள் நகரவில்லை. "உனக்கு அக்கறையே இல்ல, அதான் உடம்பு போட்டுடுச்சு" என்ற சொந்தக்காரர்களின் கமெண்ட் வேறு.

உண்மையில் இது அக்கறை சம்பந்தப்பட்ட விஷயமா? இல்லை. கடைசி சில கிலோ குறையாமல் நிற்பதற்கு உடல் கணக்கு, தூக்கம், தைராய்டு, வயிற்றுத் தசை என பல காரணங்கள் உண்டு. அதில் சிலவற்றை டயட்டால் சரி செய்யவே முடியாது, டெஸ்ட்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பிரசவத்தில் எவ்வளவு எடை குறையும்?

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். 158 செ.மீ. உயரம் உள்ள ஒரு பெண், கர்ப்பத்துக்கு முன் 56 கிலோ. பிரசவத்துக்குப் போகும்போது 68 கிலோ. அதாவது 12 கிலோ கூடியிருக்கிறார். இது இயல்பான அளவுதான்.

பிரசவம் முடிந்ததும் குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், ரத்தம் எல்லாம் சேர்ந்து சுமார் 5 முதல் 6 கிலோ உடனே குறைந்துவிடும். அடுத்த ஒன்றிரண்டு வாரங்களில் உடலில் தேங்கியிருந்த நீர் சிறுநீராகவும் வியர்வையாகவும் வெளியேறும். பிரசவ நேரத்தில் சுமார் 1 கிலோ இருக்கும் கர்ப்பப்பை, 6 வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே சுருங்கிவிடும்.

இதெல்லாம் எந்த முயற்சியும் இல்லாமல் தானாகவே நடப்பது. அதனால்தான் முதல் ஒன்றரை மாதத்தில் எடை வேகமாக இறங்குவது போல தெரிகிறது.

மீதி இருப்பது கொழுப்பு. கர்ப்ப காலத்தில் உடல் சுமார் 3 முதல் 4 கிலோ கொழுப்பைச் சேமித்து வைக்கிறது. குழந்தைக்குப் பால் சுரக்க வேண்டுமே என்பதற்காக உடல் முன்கூட்டியே போட்டு வைக்கும் சேமிப்பு இது. நம் உதாரணப் பெண் 60 கிலோவில் வந்து நின்றால், அவரிடம் மிச்சம் இருக்கும் அந்த 4 கிலோவில் பெரும்பங்கு இந்தக் கொழுப்புதான். நீர் போல இது தானாகப் போகாது.

கடைசியில் வந்து நிற்பது ஏன்? 5 காரணங்கள்

1. உடல் சிறியதானால் செலவும் குறையும்

68 கிலோ உடலை இயக்கத் தேவைப்படும் சக்தி, 60 கிலோ உடலுக்குத் தேவையில்லை. ஒவ்வொரு கிலோ குறையும்போதும் உடலின் தினசரி செலவு தோராயமாக 20 முதல் 25 கலோரி குறைகிறது. 8 கிலோ குறைந்திருந்தால் நாளொன்றுக்கு 160 முதல் 200 கலோரி வரை செலவு குறைந்திருக்கும். முன்பு எடையைக் குறைத்த அதே சாப்பாடு, இப்போது எடையை அப்படியே நிறுத்தி வைக்கும். சாப்பாடு மாறவில்லை, உடல்தான் மாறியிருக்கிறது.

2. பால் குறையும், தட்டு குறையாது

தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் முதல் 6 மாதங்களுக்கு, ஒரு தாய்க்கு தினமும் 600 கலோரி கூடுதலாகத் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். அடுத்த 6 மாதங்களுக்கு அது 520. ஒரு வேளை சாப்பாட்டுக்குச் சமமான அளவு இது.

குழந்தை இட்லி, பருப்பு சாதம் சாப்பிட ஆரம்பித்ததும் பால் குடிப்பது மெல்ல குறைகிறது. பாலை நிறுத்தியதும் அந்தச் செலவு முழுவதுமாக நின்றுவிடுகிறது. ஆனால் "பால் கொடுக்கிற உடம்பு, நல்லா சாப்பிடு" என்று பழகிய தட்டின் அளவு அப்படியே இருக்கிறது. பலருக்கும் குழந்தைக்கு ஒன்று, ஒன்றரை வயதாகும்போது எடை திரும்ப ஏறுவது இதனால்தான்.

3. தூக்கம் இல்லை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் 940 தாய்மார்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2008-ல் வெளியானது. குழந்தைக்கு 6 மாதம் ஆகும்போது ஒரு நாளைக்கு 5 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கிய பெண்களுக்கு, ஒரு வருடம் முடியும்போது 5 கிலோவுக்கு மேல் எடை தங்கிவிடும் வாய்ப்பு, 7 மணி நேரம் தூங்கியவர்களைவிட சுமார் 3 மடங்கு அதிகமாக இருந்தது.

தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும், வயிறு நிறைந்ததைச் சொல்லும் ஹார்மோன் குறையும். ராத்திரி 2 மணிக்குக் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு பிஸ்கட் டப்பாவைத் திறக்கத் தோன்றுவது மனக்கட்டுப்பாடு இல்லாததால் அல்ல.

4. தசை குறைந்திருக்கும்

கர்ப்ப காலத்தில் ஓய்வு, பிரசவத்துக்குப் பின் மாதக்கணக்கில் ஓய்வு. இந்த இடைவெளியில் தொடை, இடுப்பு, முதுகுத் தசைகள் பலம் இழக்கின்றன. எடை மெஷினில் இது தெரியாது. ஆனால் ஒரே 60 கிலோவில் தசை குறைந்து கொழுப்பு கூடினால் உடல் வடிவம் மாறும், செலவாகும் கலோரியும் குறையும்.

5. கணக்கில் வராத சாப்பாடு

குழந்தை மிச்சம் வைத்த அரை இட்லி, இரண்டு வாய் நெய் சாதம், பாதி வாழைப்பழம். "வீணாக்கக் கூடாது" என்று அம்மா வாயில் போகும் இவை, சாப்பிட்டதாகவே யாருக்கும் நினைவில் இருக்காது. அதோடு காபி, டீ. இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு ஒரு நாளைக்கு 3 முறை குடித்தால், சர்க்கரையில் மட்டும் சுமார் 120 கலோரி. பால் கணக்கு தனி.

பத்தியச் சாப்பாடுதான் காரணமா?

பிரசவ லேகியம், பூண்டுக் குழம்பு, பால் சுறா புட்டு, உளுந்தங்களி, நல்லெண்ணெய், நெய் எனப் பிள்ளை பெற்றவளுக்குத் தமிழ் வீடுகளில் தனிச் சமையலே நடக்கும். எடை கூடியதும் பழியும் இதன் மேல்தான் விழுகிறது.

இந்தச் சாப்பாட்டில் நல்ல விஷயங்கள் நிறைய. சுறா மீனில் புரதம் அதிகம், உளுந்திலும் புரதம் உண்டு. முதல் சில வாரங்களில் உடம்பு தேற இது உதவும்.

பிரச்னை எங்கே வருகிறது என்றால், 40 நாள் சாப்பாடு 10 மாதம் தொடரும்போதுதான். ஒரு டேபிள் ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ 120 கலோரிக்கு மேல். லேகியத்தில் வெல்லமும் நெய்யும்தான் பாதி. பால் கொடுக்கும் ஆரம்ப மாதங்களில் உடம்பு இதைச் செலவழித்துவிடும், பிறகு சேர்த்து வைத்துக்கொள்ளும்.

இன்னொரு விஷயம், தண்ணீர். "தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்" என்று சில வீடுகளில் தாய்மார்களுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பது உண்டு. இது தவறு. பால் கொடுக்கும் பெண்ணுக்குத் தாகத்துக்கு ஏற்ற தண்ணீர் கட்டாயம் தேவை. தண்ணீரால் வயிறு பெருக்காது.

குறையாதது எடையா... வயிறா?

"வெயிட் எல்லாம் பழையபடி வந்துடுச்சு, ஆனா வயிறு மட்டும் 5 மாச கர்ப்பம் மாதிரியே இருக்கு." இப்படிச் சொல்பவர்களுக்குப் பிரச்னை கொழுப்பாக இல்லாமல் இருக்கலாம்.

வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக இரண்டு நீளமான தசைகள் இருக்கின்றன. கர்ப்பப்பை வளரும்போது இவை இரண்டும் விலகி, நடுவில் இருக்கும் சவ்வு விரிந்துகொடுக்கும். பிரசவத்துக்குப் பின் பலருக்கு இது மெல்ல நெருங்கி வரும், சிலருக்கு இடைவெளி அப்படியே இருந்துவிடும். மருத்துவத்தில் இதை டயஸ்டாசிஸ் ரெக்டை என்கிறார்கள்.

இது அபூர்வமான விஷயமும் இல்லை. முதல் முறை தாயான 300 பெண்களிடம் நார்வேயில் நடந்த ஓர் ஆய்வில், பிரசவமான 6-வது வாரத்தில் 60% பேருக்கு இந்த இடைவெளி இருந்தது. ஒரு வருடம் கழித்தும் சுமார் 33% பேருக்கு இருந்தது.

வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது? மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும். தலையையும் தோளையும் மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலேயும் கீழேயும் விரல்களை அகலவாட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு விரலுக்கு மேல் உள்ளே இறங்கினால் இடைவெளி இருக்க வாய்ப்பு உண்டு.

அப்படி இருந்தால் பட்டினி கிடந்து பலன் இல்லை. விலகிய தசையை டயட் நெருக்கி வைக்காது. வீடியோ பார்த்து சிட்-அப் போடுவதற்கு முன், ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுவது நல்லது. ஆழமான வயிற்றுத் தசைக்கும் இடுப்புத் தளத் தசைக்கும் தனிப் பயிற்சிகள் இருக்கின்றன. இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் கசிந்தால் அதையும் வெட்கப்படாமல் அவரிடம் சொல்ல வேண்டும்.

டயட்டுக்கு முன் எடுக்க வேண்டிய டெஸ்ட்

கடைசி சில கிலோ குறையாமல் நிற்பது, வேறொரு பிரச்னையின் அடையாளமாகவும் இருக்கலாம். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

தைராய்டு: பிரசவமான ஒரு வருடத்துக்குள் சில பெண்களுக்குத் தைராய்டு சுரப்பியில் அழற்சி வரும். 100 பேரில் 5 பேருக்கு இது வரலாம். ஆரம்பத்தில் சுரப்பு கூடி எடை குறைவது போலத் தெரியும். பிறகு, பெரும்பாலும் 4 முதல் 8 மாதங்களில் சுரப்பு குறைந்துவிடும். களைப்பு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, தோல் வறட்சி, எடை ஏற்றம் எல்லாம் அப்போது வரும். "பிள்ளை பெத்தா களைப்பாத்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவதால் இது வெளியே தெரியாமலே போகிறது. ஒரு டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை போதும், தெரிந்துவிடும்.

சர்க்கரை: கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். எல்லா கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதை 2007-லேயே கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. இதற்காகப் பாடுபட்ட சென்னை சர்க்கரை நோய் நிபுணர் வி.சேஷையாவின் பிறந்தநாளான மார்ச் 10, கர்ப்பகால சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது.

கர்ப்பத்தின்போது டெஸ்ட் எடுத்துவிடுகிறார்கள். பிரச்னை பிரசவத்துக்குப் பிறகுதான். குழந்தை பிறந்ததும் பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரை அளவு இயல்புக்கு வந்துவிடும். "சரியாயிடுச்சு" என்று நினைத்துத் திரும்பப் போக மாட்டார்கள். ஆனால் கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்கு, பிற்காலத்தில் டைப் 2 சர்க்கரை நோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட சுமார் 7 மடங்கு அதிகம் என 2009-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது.

எனவே பிரசவமான 6-வது வாரத்தில் குளுக்கோஸ் குடித்து எடுக்கும் பரிசோதனை அவசியம். அது நார்மலாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. இவர்களைப் பொறுத்தவரை, கடைசி 4 கிலோ என்பது பழைய சுடிதார் விஷயம் இல்லை. சர்க்கரை நோயைத் தள்ளிப் போடும் விஷயம்.

கருத்தடை ஊசி: 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்ற பெயரில் கிடைக்கிறது. இந்த ஊசி போட்டுக்கொள்ளும் சிலருக்கு எடை கூடலாம். அப்படித் தெரிந்தால் தாமாக நிறுத்தாமல், டாக்டரிடம் சொல்லி வேறு முறைக்கு மாறலாம். காப்பர்-டி-யில் ஹார்மோன் கிடையாது.

மனநிலை: காரணமே இல்லாமல் அழுகை, எதிலும் பிடிப்பு இல்லாமை, குழந்தையிடம் கூட ஒட்டாமை, இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். சிலர் சாப்பிடாமலே இருப்பார்கள், சிலர் அதிகமாகச் சாப்பிடுவார்கள். இங்கே முதலில் கவனிக்க வேண்டியது எடையை அல்ல, மனதை.

4 கிலோதானே... விட்டுட்டா என்ன?

ஒரே ஒரு முறை என்றால் பெரிய விஷயமில்லை. ஆனால் அடுத்த குழந்தை என்று வரும்போது கணக்கு மாறுகிறது.

நம் உதாரணப் பெண்ணையே எடுத்துக்கொள்வோம். முதல் கர்ப்பம் ஆரம்பித்தது 56 கிலோவில். அந்த 4 கிலோ தங்கிவிட்டால் இரண்டாவது கர்ப்பம் 60 கிலோவில் ஆரம்பிக்கும். அதிலும் 4 கிலோ தங்கினால் 64. உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. அளவில் அவர் 22.4-ல் இருந்து 24-க்குப் போய், அடுத்து 25.6-க்கு ஏறியிருப்பார். இந்தியர்களுக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன். ஒரே நாளில் குண்டாகவில்லை, இரண்டு படியாக ஏறியிருக்கிறார்.

ஸ்வீடனில் ஒன்றரை லட்சம் பெண்களின் இரண்டு பிரசவங்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2006-ல் வெளியானது. முதல் குழந்தைக்கும் இரண்டாவது குழந்தைக்கும் இடையே பி.எம்.ஐ. 3 யூனிட்டோ அதற்கு மேலோ கூடியவர்களுக்கு, கர்ப்பகால சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 2 மடங்கானது. ரத்த அழுத்தப் பிரச்னைகளும் கூடின.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4% பேர் பி.எம்.ஐ. 25-ஐத் தாண்டியவர்கள் என்கிறது 5-வது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 30.9% ஆக இருந்தது. பிரசவத்துக்குப் பின் தங்கும் எடை மட்டுமே இதற்குக் காரணம் இல்லை. ஆனால் பெண்களுக்கு எடை படிப்படியாக ஏறும் முக்கியமான கட்டங்களில் அதுவும் ஒன்று.

அப்போ எத்தனை கிலோ குறைக்கணும்?

நல்ல செய்தி இங்கேதான். கல்யாணத்துக்கு முன் இருந்த எடைக்கே திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

158 செ.மீ. உயரத்துக்கு பி.எம்.ஐ. 23 என்பது சுமார் 57.4 கிலோ. அதாவது 60 கிலோவில் நிற்பவர் இரண்டரை கிலோ குறைத்தாலே இயல்பு எல்லைக்கு வந்துவிடுவார். பழைய 56-ஐப் பிடிக்க முடியவில்லையே என்று வருத்தப்பட வேண்டியதில்லை.

மெஷினைவிட டேப் நம்பகமானது. தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. எடை பழையபடி ஆகிவிட்டாலும் இந்த அளவு 80-ஐத் தாண்டியிருந்தால் கவனம் தேவை. எடை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் இது 80-க்குக் கீழே இருந்து, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் நார்மல் என்றால் பதற வேண்டாம்.

என்ன செய்யலாம்? எளிய கணக்கு

1 கிலோ கொழுப்பு என்பது தோராயமாக 7,700 கலோரி. 4 கிலோ என்றால் 30,800. தினமும் 250 கலோரி மிச்சப்படுத்தினால் சுமார் 4 மாதம் ஆகும். மாதம் 1 கிலோ.

250 கலோரியை எங்கே பிடிப்பது? சோற்றைத் துறக்க வேண்டாம்.

• 3 காபியில் சர்க்கரையை இரண்டு ஸ்பூனில் இருந்து ஒரு ஸ்பூனாக்கினால்: 60 கலோரி

• அவருடைய பங்கு சாப்பாட்டில் இரண்டு டீஸ்பூன் எண்ணெய் குறைத்தால்: 90 கலோரி

• தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்தால்: சுமார் 100 கலோரி

மொத்தம் 250. பார்க்க சின்னதாகத் தெரியும். ஆனால் கடைசி சில கிலோவுக்கு இந்தச் சின்ன கணக்குதான் வேலை செய்யும். ஒரேயடியாக 800, 1000 கலோரியைக் குறைத்தால் களைப்பும் பசியும் வாட்டி, இரண்டே வாரத்தில் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உடம்பில் உள்ள நீர், உப்பு, மாதவிடாய் காரணமாக எடை ஒரு நாளைக்கு ஒரு கிலோ வரை ஏறி இறங்கும். மாதம் 1 கிலோ குறைந்தாலும் தினமும் மெஷினில் நின்றால் அது தெரியவே தெரியாது. "ஒண்ணுமே குறையல" என்று பாதியில் விடுபவர்களில் பலருக்கு உண்மையில் குறைந்துகொண்டுதான் இருந்திருக்கும். வாரம் ஒருமுறை, காலையில், வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். இடுப்பளவை மாதம் ஒருமுறை எடுக்கலாம்.

தட்டில் என்ன மாற்றம்? மூன்று வேளையும் புரதம் இருக்கட்டும். முட்டை, மீன், சுண்டல், பருப்பு, தயிர் எதுவானாலும் சரி. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு கப் வேகவைத்த சுண்டலில் சுமார் 14 கிராம் புரதம் கிடைக்கும். பால் கொடுக்கும் தாய்க்கு முதல் 6 மாதங்களில் தினமும் சுமார் 17 கிராம் புரதம் கூடுதலாகத் தேவை. சோற்றை ஒரு கரண்டி குறைத்து பொரியலையும் கூட்டையும் ஒரு கரண்டி கூட்டினால் பசியும் தாங்கும்.

நடை மட்டும் போதுமா? பிரசவமான பெண்கள் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும், அதில் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் சேர வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல். ஜிம் தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, படி ஏறுவது எல்லாம் தசைப் பயிற்சிதான்.

சிசேரியன் ஆனவர்கள்? தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட 45% பிரசவங்கள் சிசேரியன்தான். மெதுவாக நடப்பதை டாக்டர் சொன்னதும் தொடங்கலாம். கனமான பொருளைத் தூக்குவது, கடினமான பயிற்சி ஆகியவற்றை 6-வது வாரப் பரிசோதனைக்குப் பின், டாக்டர் சரி என்ற பிறகே தொடங்க வேண்டும்.

பால் கொடுக்கும்போது டயட் இருந்தால் பால் வற்றிவிடுமா?

பல தாய்மார்களின் பயம் இது. மிதமாகக் குறைத்தால் வற்றாது என்பதற்கு ஆதாரம் உண்டு. அதிக எடை கொண்ட, பால் கொடுக்கும் 40 தாய்மார்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2000-ல் வெளியானது. ஒரு பிரிவினர் தினமும் 500 கலோரி குறைத்து, வாரம் 4 நாள் உடற்பயிற்சியும் செய்தார்கள். 10 வாரத்தில் அவர்களுக்குச் சராசரியாக 4.8 கிலோ குறைந்தது. இரு பிரிவுக் குழந்தைகளின் வளர்ச்சியிலும் வித்தியாசம் இல்லை.

ஆனால் முதல் 6 வாரங்களில் டயட் வேண்டவே வேண்டாம். காயம் ஆறவும் பால் நன்றாகச் சுரக்கவும் அந்த நேரம் தேவை. வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் குறைக்கவும் முயற்சிக்கக் கூடாது. எடை குறைக்கும் மாத்திரை, பவுடர், மூலிகை டீ எதையும் பால் கொடுக்கும் காலத்தில் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

நம்பிக்கையும் உண்மையும்

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணதாலதான் உடம்பு போட்டுச்சு": உண்மை இல்லை. அந்த ஆபரேஷனில் கருக்குழாய் மட்டுமே அடைக்கப்படுகிறது. சினைப்பையைத் தொடுவதில்லை, ஹார்மோன் மாறுவதில்லை. இரண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷனும் நடப்பதால், பிரசவத்தில் தங்கிய எடைக்கு அது பழியைச் சுமக்கிறது.

"வயித்துல துணி கட்டினா, பெல்ட் போட்டா தொப்பை கரையும்": கொழுப்பு கரையாது. தசைக்கும் முதுகுக்கும் பிடிமானமாக இருக்கும், அவ்வளவுதான். மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கக் கூடாது.

"வெந்நீரில் தேன், எலுமிச்சை குடிச்சா குறையும்": வெந்நீர் கொழுப்பைக் கரைக்காது. ஒரு ஸ்பூன் தேனில் சுமார் 20 கலோரி சேரும். சர்க்கரை போட்ட காபிக்குப் பதிலாகக் குடித்தால் கொஞ்சம் லாபம்.

"கொழுத்தவனுக்குக் கொள்ளு": பாதி உண்மை. கொள்ளில் புரதமும் நார்ச்சத்தும் அதிகம், வயிறு நிறையும். ஆனால் ரசத்தில் இரண்டு கரண்டி கொள்ளுத் தண்ணீர் குடித்துவிட்டு மற்றதெல்லாம் பழையபடி இருந்தால் பலன் இல்லை. சுண்டலாகச் சாப்பிட்டால் நல்லது.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யணும்?

மேலே சொன்ன பட்டியலை மறுபடி பார்த்தால் ஒன்று புரியும். தூக்கம், அரை மணி நேர நடை, தனக்கென்று சூடாக ஒரு தட்டு சாப்பாடு. இந்த மூன்றையும் கைக்குழந்தை வைத்திருக்கும் பெண் தனியாக ஏற்பாடு செய்துகொள்ள முடியாது.

ராத்திரியில் ஒரு முறை எழுந்து குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்க அப்பாவால் முடியும். சாயங்காலம் அரை மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள பாட்டியால் முடியும். குழந்தை மிச்சம் வைத்ததை அம்மாதான் முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. "ஏன் இன்னும் குறையல?" என்று கேட்பதைவிட, "நீ போய் நடந்துட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்வதுதான் எடையைக் குறைக்க உதவும்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

• சாப்பாட்டிலும் நடையிலும் 3 மாதம் கவனமாக இருந்தும் எடையோ இடுப்பளவோ அசையவில்லை என்றால்

• காரணம் இல்லாமல் எடை வேகமாக ஏறினாலோ இறங்கினாலோ

• பாலை நிறுத்திய பிறகும் மாதவிடாய் வராமலோ, முறையில்லாமலோ இருந்தால்

• தாங்க முடியாத களைப்பு, படபடப்பு, கழுத்தில் வீக்கம் இருந்தால்

• கர்ப்ப காலத்தில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்து, அதன்பின் டெஸ்ட்டே எடுக்கவில்லை என்றால்

• மனச்சோர்வு இருந்தால். தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தத் தோன்றினால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது

கடைசி 4 கிலோவைக் குறைக்க 4 மாதம் ஆகலாம், 8 மாதமும் ஆகலாம். அதில் அவசரம் எதுவும் இல்லை. அவசரமாகச் செய்ய வேண்டியது, விட்டுப்போன அந்த ரத்தப் பரிசோதனையைத்தான்.

(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. உணவு, உடற்பயிற்சி, மருந்து ஆகியவற்றில் மாற்றம் செய்யும் முன் மருத்துவரின் ஆலோசனையைப் பெறவும்.)